‘ஒண்ணுமில்லை’ என்கிற அத்தைக்கு எங்கே வலிக்கிறது?

கேள்வி: என் அத்தைக்கு, அதாவது கணவரின் தாயாருக்கு, வயது 78, எடை 46 கிலோ. நான்கு ஆண்டுகளாக அல்சைமர் மறதிநோய். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உண்டு. மார்கழியில் கொல்லைப்புறம் போகும்போது வழுக்கி விழுந்தார். வீக்கம் எதுவும் தெரியாததால் தைலம் தேய்த்ததோடு விட்டுவிட்டோம். இரண்டு மாதமாகக் குளிப்பாட்டப் போனால் அடிக்கிறார். ரவிக்கை போடும்போது ஒருநாள் என் கையைக் கடித்துவிட்டார். சாயங்காலம் ஆனால் அழுகிறார். மருத்துவர் இரவில் குவெட்டியாபின் என்ற மனநல மருந்தை 25 மில்லிகிராம் கொடுக்கச் சொன்னார். பகலெல்லாம் தூங்கி வழிகிறார், குளியலில் மட்டும் அதே கதைதான். எங்கேயாவது வலிக்கிறதா என்று கேட்டால் “ஒண்ணுமில்லை” என்கிறார். “வலி இருந்தால் சொல்லமாட்டாரா, இது நோயின் அடுத்த கட்டம்” என்கிறார் கணவர். மருந்தை 50 ஆகக் கூட்டலாமா?
— ஒரு வாசகி, தஞ்சாவூர் மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

இப்போதைக்குக் கூட்ட வேண்டாம். காரணம் உங்கள் கடிதத்திலேயே, போகிற போக்கில் எழுதிச் சென்ற இரண்டு வரிகளில் இருக்கிறது. அத்தை மார்கழியில் விழுந்திருக்கிறார். அடிப்பதும் கடிப்பதும் அதற்குப் பிறகு தொடங்கியிருக்கின்றன. அதோடு, அவர் நாள் முழுவதும் எல்லோரிடமும் சண்டைக்கு நிற்பதாக நீங்கள் எழுதவில்லை. குளிப்பாட்டும்போதும் ரவிக்கை போடும்போதும்தான் கை ஓங்குகிறார். ரவிக்கைக்குள் கை நுழைய வேண்டுமானால் தோளைப் பின்னுக்குத் தள்ளி, முழங்கையை மடக்கி, கையைச் சற்றுத் தூக்கவும் வேண்டும்; தோளில் பழுது உள்ள எவருக்கும் உயிர் போகிற அசைவு அது. கடித்தபோது நீங்கள் எந்தக் கையைப் பிடித்திருந்தீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். மறுபக்கக் கையைத் தொடும்போதும் அதே எதிர்ப்பு இருக்கிறதா என்பதையும் நாளைக்கே கவனியுங்கள். குளியலை மறுப்பதற்குக் குளிர்ந்த தண்ணீர், உடைகளைக் களைவதில் வரும் வெட்கம், தலையில் நீர் விழும்போது எழும் திகில் என்று வேறு காரணங்களும் உண்டு என்பது உண்மைதான். ஆனால் விழுந்த ஒருவரிடம் முதலில் தேட வேண்டியது வலியை.

உங்கள் கணவர் கேட்பது நியாயமான கேள்வி. மருத்துவர்களே வெகுகாலம் அப்படித்தான் நினைத்திருந்தார்கள். வலியை உணர்வது ஒரு வேலை, அதைச் சொல்வது வேறொரு வேலை. சொல்ல வேண்டுமானால், உடம்பில் எந்த இடம் என்று பிரித்தறிய வேண்டும், அதற்குரிய சொல்லைத் தேடி எடுக்க வேண்டும், சற்று முன் வலித்தது இப்போது நினைவிருக்க வேண்டும், எதிரில் நிற்பவரிடம் சொன்னால் ஏதாவது செய்வார் என்கிற எண்ணமும் வர வேண்டும். அல்சைமர் நோய் இந்த நான்கையும் ஒவ்வொன்றாகத் தின்றுவிடுகிறது. உணர்வதை அப்படியே விட்டுவைக்கிறது. 2006-இல் மெல்போர்ன் ஆய்வாளர்கள் அல்சைமர் நோயாளிகளின் கட்டைவிரல் நகத்தில் அழுத்தம் கொடுத்துக்கொண்டே மூளையை ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது, வலியை உணரும் பகுதிகளின் இயக்கம் நோயில்லாத முதியவர்களைவிடச் சற்றும் குறைந்திருக்கவில்லை. அதே ஆண்டில் இத்தாலியின் டூரின் நகர ஆய்வாளர்கள் கண்டது இன்னும் யோசிக்க வைப்பது. வலி மாத்திரை விழுங்கியதும் ‘மருந்து போட்டாயிற்று, இனி விட்டுவிடும்’ என்ற எதிர்பார்ப்பே நமக்கு ஒரு பங்கு ஆறுதலைத் தந்துவிடுகிறது. அல்சைமர் நோயாளிகளில் பலருக்கு அந்தப் பங்கு கிடைப்பதில்லை. விழுங்கியதே நினைவில்லாதவருக்கு எதிர்பார்ப்பு எங்கிருந்து வரும்? ஆகவே அத்தையின் வலி நம்முடையதைவிடக் குறைவு என்று நினைக்க எந்த ஆதாரமும் இல்லை.

“ஒண்ணுமில்லை” என்பதைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அந்தத் தலைமுறைப் பெண்கள் காய்ச்சலில் கிடந்தபோதும் கேட்டவர்களிடம் அப்படித்தான் சொன்னார்கள். அறிவு தளர்ந்த பிறகும் நாக்கில் தங்கியிருக்கும் பழைய வாய்ப்பழக்கம் அது. அதைப் பதிலாக எடுத்துக்கொள்ள முடியாது. மேலும், ‘வலி’ என்ற சொல்லே அவருக்கு எட்டாமல் போயிருக்கலாம். பிள்ளை பெற்ற ஒரு கிராமத்துப் பெண்மணிக்கு ‘வலி’ என்றால் முதலில் பிரசவ வலிதான். மற்றவற்றுக்கெல்லாம் நோவு, கடுப்பு, குடைச்சல், உளைச்சல், குத்தல், பிடிப்பு என்று தனித்தனிச் சொற்களை அவர் வைத்திருந்திருப்பார். அத்தை நன்றாக இருந்த காலத்தில் மூட்டு வலியை எந்தச் சொல்லால் சொன்னார் என்று கணவரைக் கேளுங்கள், அவர் மறந்திருந்தால் நாத்தனாரைக் கேளுங்கள். அந்தச் சொல்லை வைத்து, அசைவு நடக்கும் அந்த நேரத்திலேயே, தோளில் உங்கள் உள்ளங்கையை வைத்து, “இங்க குடையுதா அத்தை?” என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு, மனதுக்குள் பத்து எண்ணும் வரை காத்திருங்கள். நேற்று ராத்திரி வலித்ததா என்று கேட்பதில் பயனில்லை. மறதிநோயின் நடுக்கட்டத்தில்கூட இப்படிக் கேட்டால் சரியாகத் தலையாட்டுபவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர் வாயாலேயே வந்துவிட்டால் வேறெந்தச் சான்றும் தேவையில்லை.

வாயால் வராவிட்டால் உடம்பைப் படிக்க வேண்டும். அதற்கென்று மருத்துவமனைகளில் பயன்படும் அளவுகோல்களில் எளிமையானது, 2003-இல் வெளியான ‘பெயினாட்’ என்பது. மூச்சு, வாயிலிருந்து வரும் ஒலி, முகம், உடம்பு, தேற்றினால் தேறுகிறாரா என்ற ஐந்தை ஐந்து நிமிடம் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் இரண்டு வரை மதிப்பெண் போட வேண்டும்; மொத்தம் பத்து. மெல்லிய முனகலுக்கு ஒன்று, திரும்பத் திரும்பக் கூப்பிட்டு அழுதால் இரண்டு. முகம் சோர்ந்து, பயந்து, புருவம் நெரிந்திருந்தால் ஒன்று. பல்லைக் கடித்து, கண்ணை இறுக மூடி முகம் கோணினால் இரண்டு. உடம்பு விறைத்து, கை முஷ்டியாகி, தொடுபவரைத் தள்ளினாலோ அடித்தாலோ இரண்டு. கவனித்தீர்களா, நீங்கள் ‘முரட்டுத்தனம்’ என்று நினைத்தது இந்தக் கணக்கில் வலியின் அடையாளமாகவே இடம்பெற்றிருக்கிறது. மொத்தம் இரண்டைத் தொட்டாலே வலியைத் தேட வேண்டும் என்பது பொதுவான வழக்கம். இந்த எண் வலியின் அளவைக் காட்டுவதில்லை. பயத்துக்கும் பசிக்கும்கூட ஏறும். அதனால் ஒருமுறை போட்டுப் பார்த்து முடிவு கட்டக் கூடாது. நாற்காலியில் சும்மா இருக்கும்போது ஒருமுறை, எழுப்பி நிறுத்தி நாலடி நடத்தும்போதோ கையைத் தூக்கும்போதோ ஒருமுறை என இரண்டு தடவை போடுங்கள். மூட்டு, எலும்பு, தசை வலிகள் அசையாதவரை ஒளிந்துகொள்ளும். மருத்துவரிடம் அழைத்துப் போகும்போது அத்தை நாற்காலியில் சாதுவாக உட்கார்ந்திருந்து, ‘நன்றாகத்தானே இருக்கிறார்’ என்று சொல்லவைத்துவிடுவதும் இதனால்தான்.

முகத்தைப் பார்க்கும்போது வாயைவிடப் புருவ நடுவையும் கண்ணோரத்தையும் பாருங்கள். ரவிக்கையின் கைப்பகுதி முழங்கையைத் தாண்டும் அந்த நொடியில் அங்கே விழும் சுருக்கம், அவர் கத்துவதற்கு ஒரு நொடி முன்னால் வந்துவிடும். அங்கேயே நிறுத்திக் கையைத் தளர விட்டால் பல நாள் கத்தலே வராது. இதில் இன்னொரு பக்கமும் உண்டு. வலி எல்லோரையும் அடிக்க வைப்பதில்லை, சிலரை அடக்கிவிடும். சாப்பாட்டைத் தள்ளுவது, நடப்பதைக் குறைத்துக்கொள்வது, சுவரைப் பார்த்துப் படுத்துக்கிடப்பது, கூப்பிட்டால் திரும்பாமல் இருப்பது ஆகியவையும் வலியாக இருக்கலாம். என்னைக் கேட்டால், அடிக்கிறவரைவிட அடங்கிப்போனவரைப் பற்றித்தான் அதிகம் கவலைப்படுவேன், ஏனென்றால் அவரை யாரும் மருத்துவரிடம் அழைத்து வருவதில்லை.

என் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், மறதிநோயாளி, சாப்பாட்டு வேளையில் தட்டைத் தட்டிவிடுகிறார் என்று வீட்டார் வந்தார்கள். மனநல மருந்தை இரண்டு முறை கூட்டினேன். மூன்றாம் முறை அவரைத் தூக்காத குறையாக அழைத்து வந்தார்கள். கூட வந்திருந்த, அவரைக் கவனித்துக்கொள்ளும் அம்மாள் தயங்கித் தயங்கிச் சொன்னார்: “சார், அவரு சோத்த வலது பக்கமாவே ஒதுக்கி ஒதுக்கி மெல்லுறாரு.” டார்ச்சைப் பிடித்து வாயைத் திறந்து பார்த்தேன்; இடது கீழ்க் கடைவாய்ப் பல்லின் வேரில் சீழ் கட்டி ஈறு பளபளவென்று வீங்கியிருந்தது. பல்லை எடுத்த பத்தாம் நாள் அவர் தட்டைத் தட்டிவிடவில்லை, நான் கூட்டிய மருந்தும் இறங்கிற்று. அன்றிலிருந்து வாயைப் பார்க்காமல் யாருக்கும் தூக்க மருந்து எழுதுவதில்லை.

ஆகவே நீங்களும் தேடுங்கள். வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்க்கும் சாக்கில் தலை முதல் கால் வரை கையை மெல்ல ஓட்டினால், அது நான் செய்கிற பரிசோதனையில் முக்கால் பங்கு. பல், ஈறு, பல்செட் அழுத்திய புண், காதுக் குறும்பி, சிவந்த கண். தோள்கள் இரண்டையும் ஒப்பிட்டு எது குறைவாக உயர்கிறது. முதுகெலும்பின் நடுவே விரலால் தட்டினால் எந்தக் கணுவில் துள்ளுகிறார். விலாவைச் சுற்றி அக்கிக் கொப்புளமோ அதன் தழும்போ இருக்கிறதா. வயிறு கல்லாக இருக்கிறதா. வால் எலும்பிலும் குதிகாலிலும் தோல் சிவந்திருக்கிறதா. வளைந்து சதைக்குள் போன கால் நகம், பாத ஆணி. மலச்சிக்கலைத் தனியாகச் சொல்கிறேன், ஏனெனில் சாயங்கால அழுகைக்கு அதுவும் நிறைந்த மூத்திரப்பையும் அடிக்கடி காரணமாக இருக்கின்றன. கடைசியாக எப்போது மலம் போனார் என்று உங்களால் உடனே சொல்ல முடியாவிட்டால் இன்றிலிருந்து நாட்காட்டியில் குறித்து வையுங்கள். முழங்கால் மூட்டுத் தேய்ந்தவருக்குக் குத்துக்கால் இட்டு உட்காரும் கழிப்பறை என்பது தினசரி தண்டனை. அதற்குப் பயந்தே அடக்கிக்கொள்வார்கள். நடுவில் ஓட்டை வைத்த பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை அதன்மேல் போட்டுவிடுங்கள்.

அத்தையைப் பொறுத்தவரை, தோள், இடுப்பு மூட்டு, முதுகெலும்பு மூன்றுக்கும் இந்த வாரமே எக்ஸ்ரே எடுத்தாக வேண்டும். வீக்கம் இல்லை, நடக்கிறார் என்பதால் எலும்பு முறியவில்லை என்று சொல்ல முடியாது. ஒன்றுக்குள் ஒன்று பொருந்தி நிற்கும் இடுப்பெலும்பு முறிவோடு சில நாள் நடமாடுபவர்கள் உண்டு. எலும்பு மெலிந்த முதிய பெண்கள் உட்கார்ந்தபடி விழுந்தால் முதுகெலும்புக் கணு நசுங்குவதும் சகஜம். சர்க்கரை உள்ளவர்களுக்குத் தோள் இறுகிப்போகும் நோய் மற்றவர்களைவிட அதிகம். விழுந்தபின் கையை அசைக்காமல் வைத்திருந்தால் அது இன்னும் எளிதாக வரும். எக்ஸ்ரே எடுக்க அழைத்துப் போகுமுன் வலி மருந்து ஒரு வேளை கொடுத்துவிடுவது நல்லது. இல்லையென்றால் அங்கே படுக்க வைப்பதே போராட்டமாகும். இதைக் கேட்கத் தயங்கக் கூடாது. இடுப்பெலும்பு முறிந்து அமெரிக்க மருத்துவமனையில் சேர்ந்தவர்களைப் பற்றி 2000-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், முற்றிய மறதிநோய் உள்ளவர்களுக்குக் கிடைத்த மார்ஃபின் என்ற வலுவான வலி மருந்தின் அளவு, அதே முறிவோடு தெளிவான அறிவுடன் இருந்தவர்களுக்குக் கிடைத்ததில் மூன்றில் ஒரு பங்குதான். கேட்காதவருக்குக் கொடுக்கப்படவில்லை.

இனி மருந்து. பாராசிட்டமாலில் தொடங்குவதுதான் முறை; அதை வலி தெரியும்போது மட்டும் கொடுத்தால் பயன் குறைவு, ஏனெனில் அவர் கேட்க மாட்டார். அத்தையின் எடைக்கு 500 மில்லிகிராம் வீதம் நாளைக்கு மூன்று வேளை, நேரம் தவறாமல், இரண்டு வாரம் கொடுத்துப் பார்ப்பதை உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். 50 கிலோவுக்குக் குறைந்தவருக்கு ஒருநாள் மொத்தம் 2 கிராமைத் தாண்ட வேண்டாம். கல்லீரல் கோளாறு இருந்தால் அளவை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். காலை வேளை மாத்திரை குளியலுக்கு ஒரு மணி நேரம் முன்னதாக இருக்கட்டும். இது ஏதோ பாட்டி வைத்தியம் போலத் தோன்றலாம். 2011-இல் வெளியான நார்வே ஆய்வில், 18 முதியோர் இல்லங்களில் மறதிநோயுடன் கிளர்ச்சியும் (நிலைகொள்ளாமல் கத்துவது, அடிப்பது போன்றவை) உள்ள 352 பேரை எடுத்துக்கொண்டு, ஒரு சாராருக்கு மட்டும் எட்டு வாரம் படிப்படியாக வலி மருந்து கொடுத்தார்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேற்பட்டவர்களுக்குக் கொடுத்தது பாராசிட்டமால்தான். கிளர்ச்சி சராசரியாக 17 சதவீதம் குறைந்தது. மருந்தை நிறுத்தியதும் மீண்டும் ஏறியது. 17 சதவீதம் என்பது மாயம் இல்லை, ஆனால் அத்தையைப் போல வலிக்கான தடயம் இத்தனை தெளிவாக உள்ளவரிடம் எனக்கு அதைவிடக் கூடுதல் நம்பிக்கை உண்டு.

மருந்துக்கடையில் ‘வலி மாத்திரை’ என்று கேட்டு வாங்காதீர்கள். பெரும்பாலும் அசெக்ளோஃபெனாக் என்ற, வீக்கம் குறைக்கும் வலி மருந்தும் பாராசிட்டமாலும் சேர்ந்த மாத்திரையைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள்; அட்டையின் பின்புறத்தைப் படித்தால் தெரியும். இரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்டானும் நீர் பிரிக்கும் மருந்தும் சேர்ந்த மாத்திரை பலருக்குக் கொடுக்கப்படுகிறது. அத்தையும் அதைச் சாப்பிடுகிறார் என்றால், அதனோடு அசெக்ளோஃபெனாக்கோ அதே வகையான டைக்ளோஃபெனாக் ஊசியோ சேரும்போது சிறுநீரகம் சில நாட்களிலேயே படுத்துவிடலாம், வயிற்றில் ரத்தக்கசிவும் வரலாம். தோளிலோ முழங்காலிலோ தடவும் டைக்ளோஃபெனாக் களிம்பில் அந்த ஆபத்து மிகக் குறைவு. தடவிய கையை அவர் கண்ணில் வைத்துக்கொள்ளாமல் பார்த்துக்கொண்டால் போதும். டிரமடால் என்ற வலி மருந்து குழப்பத்தையும் மலச்சிக்கலையும் கூட்டும், சிலருக்கு வலிப்பையும் வரவழைக்கும். நரம்பு வலிக்கென்று எழுதப்படும் அமிட்ரிப்டிலின் மறதியை நேரடியாகவே மோசமாக்கும். எலும்பு முறிவு போன்ற கடுமையான வலிக்கு மார்ஃபின் வகை மருந்து தேவைப்பட்டால் பயந்து மறுக்க வேண்டாம்; குறைந்த அளவில், மலமிளக்கியும் சேர்த்து, மருத்துவர் கண்காணிப்பில் கொடுக்கலாம். குவெட்டியாபின் வகை மருந்துகள் மறதிநோயுள்ள முதியவர்களின் இறப்பு அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005-இலேயே எச்சரித்திருக்கிறது. பகல் தூக்கம் அவரை மறுபடி விழவைக்கும். ஆனால் அதை நீங்களாக ஒரேயடியாக நிறுத்திவிடாதீர்கள்.

குளியல் முறையையும் மாற்றுங்கள். முக்காலியில் உட்கார வைத்து, வெந்நீரைக் காலிலிருந்து தொடங்கி மேலே கொண்டுவாருங்கள். தோளில் ஒரு துண்டைப் போர்த்தி, அதன் மேலேயே ஊற்றலாம். சொம்பை அவர் கையிலேயே கொடுத்தால் பல நாள் அவரே ஊற்றிக்கொள்வார். உடுத்தும்போது நோவுள்ள கை முதலில், களையும்போது அது கடைசியில். இந்த ஒன்று மட்டுமே பாதிச் சண்டையைத் தீர்த்துவிடும். கொக்கி வைத்த இறுக்கமான ரவிக்கையைச் சில மாதங்களுக்கு மறந்துவிட்டு, முன்பக்கம் முழுதும் திறக்கும் தளர்ந்த பருத்திச் சட்டையைப் போடுங்கள். மாமியாருக்குச் சட்டையா என்று யாராவது கேட்டால் மருத்துவர் சொன்னதாகச் சொல்லுங்கள். வெந்நீர்ப் பை வேண்டாம். சுடுகிறது என்று அவரால் சொல்ல முடியாது, சர்க்கரையால் உணர்ச்சி குறைந்த காலில் கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். உங்கள் கன்னத்தில் வைத்துப் பார்த்த சூட்டில் ஈரத்துணி ஒத்தடம் போதும்.

நிற்க முடியாமல் போனாலோ, ஒரு கால் குட்டையாகி வெளிப்புறம் திரும்பியிருந்தாலோ, அரை நாளுக்கு மேல் சிறுநீர் கழிக்காவிட்டாலோ, காய்ச்சல் வந்தாலோ, ஒன்றிரண்டு நாளில் திடீரென்று ஆளே மாறிப்போனாலோ எக்ஸ்ரேவுக்கு நாள் பார்க்காமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். எலும்பு முறியவில்லை என்று உறுதியானபின் தோளுக்கு இயன்முறைப் பயிற்சி தேவைப்படும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை மருத்துவர் வீட்டுக்கே வருவதற்கு இடமுண்டு. உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள்.

ஒரு நாற்பது பக்க நோட்டில், காலைக் குளியலின்போது ஒரு பெயினாட் எண், சாயங்காலம் ஒரு எண், கொடுத்த மாத்திரை, மலம் போன நாள் என்று பதினான்கு நாள் குறித்துக்கொண்டு, எக்ஸ்ரேவையும் அதையும் சேர்த்து உங்கள் மருத்துவர் முன் வையுங்கள். குளியல் எண் இறங்கியிருந்தால் குவெட்டியாபினைக் குறைக்கலாமா என்று கேளுங்கள். இறங்கவே இல்லையென்றால், அப்போது உங்கள் கணவர் சொன்னதையும் சேர்த்துப் பேசலாம். அந்த எண்களில் சிலவற்றையாவது அவரே எழுதட்டும். ஒரு நாள் ரவிக்கை மாற்றும்போது அறை வாசலில் நின்று அம்மாவின் புருவத்தை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள்.